'கிளிக்'குன்னு சத்தம் கேட்டுச்சு... படம் எங்கே?



நம்ம சுவரேட்டில் எல்லாரும் சாதிச்சதைப் பத்தி எழுதறாங்க. நான் சொதப்பினதைப் பத்தி எழுதப் போறேன். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க. ஆனா பாதியில் போயிடாதீங்க, கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கு. அது நம்ம பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது.

எங்க வீட்டுப் பரணில் அப்பாவோட பழைய யாஷிகா எம்.எஃப். டூ கேமரா ஒண்ணு கிடந்தது. தோல் உறை பூஞ்சை பிடிச்சு வெள்ளையா இருந்துச்சு. (நம்ம ஊர்க் கடல்காத்துக்கு இரும்பே தாங்காது, தோல் எம்மாத்திரம்!) துடைச்சு, ரெண்டு பேட்டரி போட்டேன். பிளாஷ் எரிஞ்சது! அவ்ளோதான், எனக்குத் தலைகால் புரியல. சேத்து வச்ச காசுல ஒரு பிலிம் ரோல் வாங்கினேன். 36 படத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சுங்க. அம்மாவிடம் விலையைக் குறைச்சுத்தான் சொன்னேன்.

தாத்தா ரொம்ப நாளா ஒண்ணு கேட்டுக்கிட்டு இருந்தார். அவர் கடலூர் சாலையில் இருக்கிற ஏ.எஃப்.டி. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். பெரியவங்க இன்னும் அதை ரோடியர் மில்லுன்னுதான் சொல்வாங்க. 1898ல் தொடங்கின மில். 2011 தானே புயலில் பலமா அடி வாங்கி, தட்டுத்தடுமாறி, கடைசியில் 2020ல் மூடியே விட்டாங்க. அந்த மில் கேட் முன்னால, தானும் தன்னோட ரெண்டு கூட்டாளிகளும் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும். அவ்வளவுதான் அவர் ஆசை.

போன பொங்கல் லீவில் மூணு பேரையும் ஆட்டோவில் கூட்டிட்டுப் போனேன். மூணு பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு தாத்தா சட்டைப் பையில் பேனா கூட சொருகி இருந்தார். ஆட்டோ அண்ணன், "போன்ல ஒண்ணு எடுத்துக்கோ பாப்பா"ன்னு சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன்ல எல்லாம் யாரு வேணா எடுப்பாங்க அண்ணா. இது பிலிம்!" அந்தக் கெத்தை இப்ப நினைச்சா எனக்கே கன்னத்தில் அறையணும் போல இருக்கு.

எட்டு படம் எடுத்தேன். மீதியைக் கடற்கரைச் சாலை, பழைய கலங்கரை விளக்கம், பெரிய மார்க்கெட், எங்க தெரு நாய்க்குட்டின்னு செலவு பண்ணினேன். எண்ணிக்கை காட்டற முள் 36ஐத் தாண்டி 38க்குப் போச்சு. கம்பெனிக்காரன் ரெண்டு படம் இலவசமாக் குடுத்திருக்கான்னு சந்தோஷப்பட்டேன்! பிலிமைத் திருப்பிச் சுத்தும்போது கைக்குக் கனமே தெரியல. அதையும் நான் யோசிக்கல. சென்னையில் ஒரு லேபுக்குக் கூரியரில் அனுப்பினேன்.

மூணு வாரம் கழிச்சு வந்தது, ஒண்ணரை மீட்டர் வெறும் ஆரஞ்சு நிற நாடா. ஒரு புள்ளி உருவம் இல்ல.

லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எங்க தாத்தா படத்தைக் கெடுத்துட்டீங்களே, உங்களுக்கு வேலை தெரியுமா தெரியாதா?"ன்னு கேட்டேன். அந்த அண்ணன் கோபப்படவே இல்ல. "ஓரத்தைப் பாரும்மா"ன்னு மட்டும் சொன்னார்.

ஓரம்னா என்னன்னு உங்களுக்கும் சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கட்டுரையோட உயிரே அங்கதான் இருக்கு. 35 எம்.எம். பிலிமின் ரெண்டு ஓரத்திலும் துளைகளை ஒட்டி, கம்பெனிப் பேரும் 1, 1ஏ, 2, 2ஏன்னு நம்பரும் இருக்கும். அதை மையால் அச்சடிக்கிறது இல்ல. பிலிம் தயாராகும்போதே வெளிச்சத்தால் பதிச்சு அனுப்பிடறாங்க. பிலிமைக் கழுவும்போதுதான் அதுவும் வெளியே தெரியும். அப்போ நடுவில் படம் இல்ல, ஆனா ஓரத்தில் நம்பர் பளிச்சுன்னு இருக்குன்னா என்ன அர்த்தம்? கழுவினவர் சரியாத்தான் கழுவி இருக்கார். கேமராவுக்குள்ளே பிலிம் மேல வெளிச்சமே படல. ஓரத்து நம்பரும் சேர்ந்து காணோம்னா கழுவினதில் கோளாறு. டெவலப்பருக்கு முன்னாடி ஃபிக்ஸரை ஊத்திட்டா அப்படித்தான் ஆகும், எல்லாம் கரைஞ்சு கண்ணாடி மாதிரி வந்துடும். மொத்த நாடாவும் கன்னங்கரேல்னு வந்தா, பின்மூடியை யாரோ வெளிச்சத்தில் திறந்துட்டாங்க. ஆக, யார் பண்ண தப்புன்னு பிலிமே சாட்சி சொல்லிடும்.

என்னோட நாடாவில் நம்பரெல்லாம் முத்து முத்தா இருந்துச்சு.

நடந்தது இதுதான். பிலிமோட நாக்கை வலப்பக்க உருளையின் பிளவில் சொருகணும். நான் சரியாச் சொருகல. மூடியை மூடினதும் அது நழுவிடுச்சு. அப்புறம் நான் 38 தடவை சுத்தினதும் காத்தைத்தான். முள் நகர்ந்துச்சு, ஷட்டர் 'கிளிக்'குன்னுச்சு, பிளாஷ் அடிச்சுது, பிலிம் மட்டும் டப்பாவுக்குள்ளே தூங்கிச்சு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வினாடி போதும்னு அப்பா பிறகு சொன்னார். சுத்தும்போது இடப்பக்கம் இருக்கிற ரீவைண்டு குமிழும் கூடவே திரும்பணும். திரும்பலன்னா பிலிம் நகரலன்னு அர்த்தம்.

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் நகைச்சுவைத் துணுக்கு. முடியல.

ஓரத்தைப் பார்த்து உண்மை தெரிஞ்ச பிறகும் தாத்தாகிட்ட நான் என்ன சொன்னேன்? "லேபுல கெடுத்துட்டாங்க தாத்தா." ரொம்பச் சுலபமா வந்துச்சு அந்த வாக்கியம். சித்திரையில், பேனா சொருகி இருந்த அந்தத் தாத்தா இறந்துட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அவங்க வீட்டில் படம் தேடினாங்க. அவரோட மகன் எங்க தாத்தாகிட்ட வந்து, "பொங்கலுக்கு மில் கேட்டுல எடுத்தீங்களாமே மாமா, அது இருக்கா?"ன்னு கேட்டார். தாத்தா, "லேபுக்காரன் நாசம் பண்ணிட்டான்டா"ன்னார். நான் பக்கத்திலதான் நின்னேன். வாயைத் திறக்கல. ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி ஒட்டினாங்க. அது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பிலிம் கேமராவில் தப்பு நடக்கிறது பெரிய விஷயமே இல்லைங்க. அப்பாகிட்ட கேட்டா ஒரு புராணமே பாடுவார். அவர் சின்ன வயசில் வச்சிருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். முதுகில் ஒரு சின்னச் சிவப்பு ஜன்னல் இருக்கும், அதில் அடுத்த நம்பர் தெரியற வரைக்கும் கையால் திருகணும். திருக மறந்தா அதே இடத்தில் ரெண்டாவது படமும் விழும். அப்படித்தான் எங்க அத்தை ஒருத்தர் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சியில் சம்மணம் போட்டு உக்காந்திருப்பார், கையில் ஆயுத பூஜைப் பொரித் தட்டோட! அந்தக் காலத்தில் ஊட்டியிலேயே பிலிம் செஞ்சாங்களாம். 1960ல் தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ங்கிற மத்திய அரசு கம்பெனி, பிலிம் பேரு 'இந்து'. இப்ப அதுவும் மூடியாச்சு.

நிலாவுக்குப் போனவங்களே சொதப்பி இருக்காங்க. 1969 நவம்பரில் அப்போலோ 12ல் போன ஆலன் பீன், டிவி கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பிட்டார். கேமரா அவுட். பூமியில் இருந்தவங்களுக்கு நேரடி ஒளிபரப்பு அதோட சரி. இன்னொண்ணும் நடந்துச்சு. கூட இருந்த பீட் கான்ராடும் அவரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, "இதை எடுத்த மூணாவது ஆள் யாரு?"ன்னு எல்லாரையும் குழப்பணும்னு ரகசியமா ஒரு செல்ஃப் டைமர் கொண்டு போனாங்க. வேணுங்கிற நேரத்தில் அது பைக்குள்ளே கைக்குச் சிக்கல. மூணே முக்கால் லட்சம் கிலோமீட்டர் போயும் பையில தேடற கதைதான். பீன் இதையெல்லாம் தானே வாய்விட்டுச் சொல்லிச் சிரிச்சார். அதான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

இன்னொரு கதை இருக்கு, அது எனக்குப் பிடிக்காத கதை. 1944 ஜூன் 6. நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குது. 'லைஃப்' பத்திரிகைக்காக ராபர்ட் காப்பா குண்டு மழைக்கு நடுவில் படம் எடுக்கிறார். பிலிம் லண்டனுக்குப் போகுது. பிறகு உலகத்துக்குச் சொன்ன கதை இது: 106 படம் எடுத்தார், இருட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் அவசரத்தில் உலர்த்தும் அலமாரிக்கதவை மூடிச் சூட்டை ஏத்திட்டான், எமல்ஷன் உருகிடுச்சு, 11 படம்தான் தேறிச்சு. எழுபது வருஷம் எல்லாப் புத்தகத்திலும் இதுதான். 2014ல் ஏ.டி. கோல்மன் என்ற அமெரிக்க விமர்சகரும் அவர் நண்பர்களும் இதைத் தோண்டினாங்க. அந்தச் சூட்டுக்கெல்லாம் பிலிம் அப்படி உருகாதுன்னு சொன்னாங்க. கடைசியில், லண்டன் ஆபீசில் படப் பொறுப்பாளரா இருந்து, இந்தக் கதையைப் பல வருஷமாச் சொல்லிட்டு வந்த ஜான் மோரிஸே, மத்த ரோலில் ஒருவேளை ஒண்ணுமே எடுக்காம இருந்திருக்கலாம்னு 97 வயசில் ஒத்துக்கிட்டார்.

காப்பா வீரர்தான், அதில் சந்தேகம் இல்ல. அந்தக் கடற்கரையில் ஒரு படம் எடுத்திருந்தாலே போதும். (1954 மே மாசம் இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதிச்சு இறந்தார். அதே வருஷம் நவம்பர் 1ல்தான் நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையை விட்டு இந்தியாவுக்கு வந்துச்சு.) ஆனா எனக்கு அந்த இருட்டறைப் பையன்தான் ஞாபகத்தில் நிக்கிறான். அவனுக்காக யாருமே, "ஓரத்தைப் பாரு"ன்னு சொல்லல. என்னோட லேப் அண்ணனும் எங்க தெருவில் இன்னிக்கு வரைக்கும் நாசம் பண்ணினவர்தானே?

நம்ம ஊருக்கே ஒரு உதாரணம் இருக்கு. 1950 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்க ஆசிரமத்துக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அதுக்கு முன்னால பல வருஷமா அவரை யாரும் படம் எடுத்தது கிடையாது. அதே வருஷம் டிசம்பர் 5ல் ஸ்ரீ அரவிந்தர் மறைஞ்சார். பிரெஸ்ஸோன் வச்சிருந்த லைக்கா வகையில் அப்பல்லாம் பிலிமை அடிப்பக்கமாத்தான் நுழைக்கணும், நாக்கை நீளமா வெட்டி விடணும், இல்லாட்டி சிக்காது. அன்னிக்கு அது நழுவி இருந்தா? யோசிச்சாலே வயித்தைக் கலக்குது. அவர் பழக்கப்பட்ட கை, நழுவல. நான் முதல் தடவை, நழுவிடுச்சு. ரெண்டு பேருக்கும் மறுபடி எடுக்க வாய்ப்பு இல்லங்கிறது மட்டும் ஒண்ணுதான்.

என் தோழி ஒருத்தி கேட்டா, "இவ்ளோ வம்பு எதுக்குடி? போன்ல ஒரு ஆப் இருக்கு, பிலிம் மாதிரியே காட்டும்"னு. நானும் பார்த்தேன். வெளிச்சம் ஒழுகின மாதிரி ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை, தூசி, கீறல், எல்லாம் விரலால் தட்டினா வருது. அந்தக் காலத்துப் போட்டோக்காரங்க எதை மறைக்கப் படாதபாடு பட்டாங்களோ அதை இப்ப காசு குடுத்து ஒட்டிக்கிறோம்! பிடிக்கலன்னா அழிச்சுக்கலாம்ங்கிற தப்பு என்ன தப்புங்க? பிலிம்தான் உசத்தின்னு நான் சண்டைக்கு வரல. அந்தக் கெத்துக்குத்தான் விலை குடுத்தாச்சே. போன்ல ஒரு படம் எடுத்திருந்தா அந்த வீட்டு வாசல் போஸ்டரில் அந்தத் தாத்தா பேனாவோட சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பார்.

சரி, கோரிக்கைக்கு வர்றேன்.

நம்ம நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கு. பார்த்திருப்பீங்க. அதில் பழைய ஆண்டு விழா, விளையாட்டு விழா, சுதந்திர தின ஊர்வலம்னு நெகட்டிவும் படமும் கட்டுக் கட்டா கிடக்கு. அதையெல்லாம் கணினியில் ஏத்தப் போறாங்கன்னு கேட்டு ரொம்ப மகிழ்ச்சி. ஆனா "நல்லா இருக்கறதை மட்டும் ஏத்திட்டு, மத்ததைக் கழிச்சுடலாம்"னு பேச்சு நடக்குது. அதைத்தான் வேண்டாம்னு சொல்றேன்.

எது நல்லா இருக்குன்னு யார் சொல்றது? தமிழ் மிஸ்ஸோட அனுமதியில் நான் அந்த டின்னைப் பார்த்தேன். அதில் ஒரு படம். கடற்கரைச் சாலையில் ஊர்வலம். முன்னால் கொடி பிடிச்ச ஒரு மாணவி, ஆனா தலை இல்ல! கழுத்தோட வெட்டி இருக்கு. எடுத்தவர் மேல குத்தம் சொல்ல முடியாது. அந்த மாதிரிக் கேமராவில் நாம பார்க்கிற துவாரம் மேலே இருக்கும், படம் பிடிக்கிற லென்ஸ் கீழே இருக்கும். ரொம்பக் கிட்டப் போய் எடுத்தா நம்ம கண்ணுக்குத் தலை தெரியும், லென்ஸுக்குத் தெரியாது. இந்தப் படம் முதல் ஆளாக் குப்பைக்குப் போகும். ஆனா அந்தப் பொண்ணோட தோளுக்குப் பின்னாடி பாருங்க. தூணும் வளைவுமா முழுசா நிக்குது பழைய மேரி கட்டடம்! 1870களில் கட்டினது, 2014 நவம்பர் 29 அன்னிக்கு மழையில் இடிஞ்சு விழுந்துச்சே, அதேதான். இப்ப நாம பார்க்கிறது அதே மாதிரி திருப்பிக் கட்டி 2021ல் திறந்தது. பழைய கட்டடத்தைப் பின்னணியா வச்சு நம்ம பள்ளிப் பிள்ளைங்க நடந்து போற படம் அந்த டின்னில் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

செயின்ட் லூயிஸ் தெருவில் இருக்கிற பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டைப் பாருங்க. 1955ல் தொடங்கினது. கோயில், சிற்பம்னு ஒன்றரை லட்சத்துக்கும் மேல போட்டோ சேர்த்து வச்சிருக்காங்க. 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோட தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் தேடித் தேடி ஸ்கேன் பண்ணினாங்க. கல்யாண ஜோடி, மொட்டை போட்ட குழந்தை, விறைப்பா நாற்காலியில் உக்காந்த தாத்தா... எடுத்தப்போ யாரும் இதைச் சரித்திரம்னு நினைச்சிருக்க மாட்டாங்க. அந்தப் படங்களுக்கே இவ்வளவு மதிப்புன்னா நம்ம தலையில்லாத மாணவிக்கு ஒரு இடம் குடுக்கக் கூடாதா? யார் கண்டா, அந்தப் பொண்ணு இப்ப நம்மில் ஒருத்தரோட அம்மாவா இருக்கலாம். கணினியில் இடம் பத்தாதுன்னு சொல்ல முடியாது. நெகட்டிவை வைக்கிற இடம்? பிஸ்கட் டின் போதும், ஆனா ஈரம் படாம மேல்தட்டுக்கு மாத்தணும். ஒவ்வொரு உறையிலும் என்ன விழா, எந்த வருஷம், யார் எடுத்தது, என்ன கோளாறுன்னு எழுதணும். அந்த வேலையை எங்க வகுப்பு மாணவியர் நாலு பேர் சனிக்கிழமைகளில் செய்யத் தயார். மிஸ்கிட்ட பேரும் குடுத்துட்டோம்.

'யார் எடுத்தது, என்ன கோளாறு'ன்னு எழுதணும்னு நான் சொல்றப்போ, முதலில் என் பேரை எழுதாம இருக்க முடியாது இல்லையா? அதனால போன ஞாயித்துக்கிழமை தாத்தாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "ஸ்பின்னிங்ல நூல் அறுந்தாலும் கதிர் சுத்திக்கிட்டேதான் இருக்கும். சத்தம் மாறாது. கண்ணு போய்ப் பார்க்கணும்"னார். கொஞ்சம் கழிச்சு, "அந்தப் பையனுக்குப் போன் போடு"ன்னார். போட்டேன். லேப் அண்ணனுக்கு என்னை ஞாபகமே இல்ல! தினமும் இப்படி யாராவது கத்துவாங்களாம். நான் மன்னிப்புக் கேட்டதும் சிரிச்சுட்டு, அடுத்த ரோல் போடும்போது குமிழைப் பாருன்னு சொன்னார். தாத்தா போனை வாங்கி அவர்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசினார். என்ன பேசினார்னு என்கிட்ட சொல்லல. இறந்து போனவங்க வீட்டுக்கும் போய்ச் சொல்லணும்னார். இந்த வாரம் போறோம்.

அந்த நாடாவில் இருந்து ஒரு துண்டு வெட்டி இந்தத் தாளின் கீழ் மூலையில் ஒட்டி இருக்கேன். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல விழற மாதிரி நின்னு பாருங்க. ஓரத்தில் 12, 12ஏ, 13ன்னு தெரியும். தயவுசெய்து யாரும் கிழிச்சுடாதீங்க.

- பதினொன்றாம் வகுப்பு மாணவி